கோஜி அறையில் ஒரு பிணம்

காலை ஏழு மணி. ஜப்பானின் தோச்சிகியில் ஒரு சாக்கே மது ஆலையில் ஓர் அலறல்!

பிணம் கோஜி அறையில் கிடந்தது.

மனிதப் பிணம் இல்லை. அரிசியை மதுவாக்க வேண்டிய கோஜிப் பூஞ்சை... தட்டுத் தட்டாக வெள்ளை வெளேரென்று பூத்திருக்க வேண்டியது... வழவழவென்று செத்துக் கிடந்தது!

அலறியவர் முதலாளி ஷிரோதோரி. அடுத்த நொடியே அவர் விரல் கியோயேயை நோக்கி நீண்டது. பதினோரு வருஷமாக அந்த அறையைக் கவனிப்பவள் அவள்தான்.

"இவ நாட்டோ தின்னுட்டு வந்திருக்கா."

புளித்த சோயாவான நாட்டோவில் இருக்கும் கிருமி, கோஜிக்குப் பரம எதிரி. மது காய்ச்சும் மாதங்களில் ஆலைக்காரர்கள் அதை மோந்துகூடப் பார்க்க மாட்டார்கள். கியோயே தின்றாள் என்று பெயர் வந்தால் வேலை போகும். வேறு எந்த ஆலையும் வாசலில்கூட நிற்க விடாது.

முதலாளி கொடுத்த புகாரில் இன்ஸ்பெக்டர் ஓனுகி வந்தார். அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை, வாயை ஊதச் சொன்னார். அவமானத்தில் கண் நிறைய, ஊதினாள். முள்ளங்கி ஊறுகாய் வாசனைதான் வந்தது.

ஆனால் ஓனுகியின் மூக்கு அடங்கவில்லை. அறையைச் சுற்றியது... முதலாளியிடம் வந்து நின்றது!

"சார், உங்க கழுத்துத் துண்டுலதான் லேசா நாட்டோ வாசனை வருது."

ஷிரோதோரி சிரித்தார். பக்கத்திலேயே ஸ்ட்ராபெர்ரி போட்டிருக்கிறாராம். தினமும் விடிந்ததும் செடிக்கு மருந்து அடித்துவிட்டு நேரே இங்கேதான் வருகிறாராம். ரசாயனம் துளியும் கிடையாதாம், சுத்த இயற்கையாம்!

கியோயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுல என்ன இருக்கு முதலாளி?"

"நல்ல கிருமிம்மா. சோப்பு மாதிரி ஒண்ணைச் சுரக்கும். அது பூஞ்சையோட செல்லைச் சுத்தியிருக்கிற சவ்வுல புகுந்து ஓட்டை போட்டுடும். உள்ளே இருக்கிறதெல்லாம் ஒழுகி, பூஞ்சை காலி. இலையோட சவ்வு வேற மாதிரி. அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"கோஜி இலையா, பூஞ்சையா?" என்றாள் கியோயே.

ஷிரோதோரி கழுத்துத் துண்டை அவசரமாக உருவினார்!

ஓனுகி மருந்து டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தார். நாட்டோ கிருமியின் ரத்த சொந்தம்தான்... ஒரே குடும்பம்!

கொலையாளி, புகார் கொடுத்தவரே!

"புகாரை வாபஸ் வாங்கறீங்களா, இல்ல உங்க பேர்லயே எழுதிக்கட்டுமா?" என்றார் ஓனுகி.

ஆலையே கூடி நிற்க, ஷிரோதோரி கியோயே முன்னால் குனிந்தார். கொஞ்சமாகத்தான்.

கியோயே அசையவில்லை.

"வணக்கம் சொல்ல இது போதும் முதலாளி. மன்னிப்பு இன்னும் கீழே இருக்கு."