கேட்காமல் எடுக்கும் உரிமை

ரிசீவரில் வந்த மூச்சுக்குப் பின்னால் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நேற்றுவரை அங்கே கேட்டது கடலிரைச்சல். செரெயானா அந்த வேறுபாட்டைக் கவனித்தாள், பொருட்படுத்தவில்லை. தீவுநாட்டின் தலைநகரான சுவாவின் அந்தப் பல்கலைக்கழக விடுதி பருவ விடுமுறைக்குக் காலியாகிவிட்டது. மழை ஊறிய மரச்சுவர்களின் பூஞ்சை வாடையோடு அந்தத் தளத்தில் எஞ்சியிருந்தவள், ஆய்வேட்டை முடிக்கவேண்டியிருந்த அவள் ஒருத்திதான்.

மூச்சு மட்டும் கேட்கும் இத்தகைய அழைப்பு வந்தால் ஒரு சொல்லும் பேசாமல் வைத்துவிட்டுக் காவலறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்று வளாகக் காவல் அதிகாரி நாராயண் விடுமுறைக்கு முன்பே அறை அறையாக வந்து சொல்லியிருந்தார். "பேசினா விட மாட்டான்மா. சிரிச்சாக்கூட விட மாட்டான்."

செரெயானா தெரிவிக்கவில்லை. அழைப்பவன் உடன்படிக்கும் செமேசா என்பதில் அவளுக்கு ஐயமில்லை. அவன் தீவும் அவள் தீவும் தௌவூ முறை: ஒரே மூதாதைத் தெய்வத்தின் வழிவந்தவர்கள். எவ்வளவு கேலி செய்தாலும் கோபிக்கலாகாது. வீடு புகுந்து எதை எடுத்துப்போனாலும் ஏனென்று கேட்கலாகாது. தேங்காய்ப்பாலில் வெந்த மீனைச் சட்டியோடு தூக்கிப்போய்த் தின்றுவிட்டு, "ஒங்க தீவுல உப்புன்னு ஒண்ணு கெடையாதா?" என்று கேட்டவன் அவன். தௌவூக்காரன்மேல் புகார் கொடுத்தவள் ஊரில் தலைகாட்ட முடியாது.

ஆகவே முந்தாநாள் அவள் பேசியிருந்தாள்.

"டேய் சட்டித் திருடா, என்ன வேணுமோ நீயே வந்து எடுத்துக்கோ. ஒனக்குக் கதவப் பூட்டி வெக்கவா போறேன்?"

மறுமுனையில் மூச்சு நின்றது. நெடுநேரம் கழித்தே மீண்டும் தொடங்கியது.

நேற்றுக் காலை துண்டைக் காணவில்லை, மாலையில் சீப்பை. இன்று, வாசலில் விட்டிருந்த மஞ்சள் செருப்புகளை. அவள் சிரித்துக்கொண்டாள், பதிலுக்கு அவனிடமிருந்து எதைத் தூக்கலாம் என்றுகூட யோசித்தாள்.

இப்போதும் ரிசீவரைக் காதில் வைத்தபடி அடுத்த கேலிக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தபோது, மேசைமேலிருந்த கைபேசி ஒலித்தது. திரையில் செமேசாவின் பெயர்.

"என்னடி உப்பில்லாதவளே, உயிரோட இருக்கியா?"

அவன் குரலைச் சுற்றிக் காற்று இரைந்தது. போன வாரமே கப்பலேறித் தீவுக்கு வந்துவிட்டதாகவும், கீழே சிக்னல் இல்லாததால் இன்றுதான் மலையேறிப் பேசுவதாகவும் சொன்னான். அவள் மெதுவாக அழைப்புகளைப் பற்றிக் கேட்டாள்.

"நானா? பேரச் சொல்லாம பண்ணா அது என்ன கேலி? யார் திருடினான்னு தெரிஞ்சாத்தானே எனக்குப் பெருமை." பிறகு தணிந்த குரலில்: "செரே, நீ அதுகிட்ட ஏதாவது பேசினியா?"

அவன் 'அவன்கிட்ட' என்று சொல்லவில்லை.

 இடக்காதில் ரிசீவர் இன்னும் இருந்தது. அதில் குழாய் சொட்டியது. தாழ்வாரக் கோடியில், மூடிய கதவுக்கு வெளியே, அதே கணத்தில் அதே சொட்டு.

"மொதல்ல கதவப் பூட்டு," என்றான் செமேசா.

கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, ரிசீவரின் சுருள் கம்பி எட்டும்வரை எழுந்து நின்றாள். சாவி தொங்கும் ஆணி வெறுமையாக இருந்தது.

ரிசீவரில் சொட்டும் ஒலி தேய்ந்தது. குழாயை விட்டு விலகி வரும் மூச்சு. நிதானமான மூச்சு. செருப்பின் சப்தம்.

நின்றது.

பிறகு ரிசீவருக்குள் ஒரு குரல் கேட்டது, மெல்லியதாக, கதவுப் பலகைக்கு அப்பாலிருந்து கேட்பதுபோல. மேசைமேலிருந்து செமேசா அழைக்கும் குரல்.

"செரே? செரே?"

கைப்பிடி திரும்பியது.

வாசற்படியில் மஞ்சள் செருப்புகள். முனைகள் உள்நோக்கி. அவற்றுள் பாதங்கள்; நீர் வடிந்தது. மேலே அவளுடைய துண்டு, முகம் இருக்கவேண்டிய இடத்தையும் மூடியபடி. அவளுடைய சீப்பைப் பிடித்திருந்த கை விரல்களைத் திறந்தது. சீப்பு தரையில் விழுந்தது.

வெறுமையான கை, அவசரமின்றி, உரிமையோடு, அவளை நோக்கி நீண்டது.