ததேயுஸ், முட்டம், ஒரே பதிவு

இறந்துபோனவர் ஒருவர் அன்று காலை மூச்சளவுக் குழாயில் ஊதியிருந்தார். மூடப்பட்ட பதிவில் புதிய எண் ஒன்று ஏறியிருப்பதைப் பார்த்ததும் பிரிஜா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிட்ட ஆனி மாத வானமும், பூதப்பாண்டி வயல்களின் மேல் காலையிலிருந்து விடாமல் விழுந்துகொண்டிருந்த சாரலும், ஆராய்ச்சி நிலையத்தின் பழைய சுவர்களிலிருந்து கிளம்பிய ஈரச் சுண்ணாம்பு வாசனையும், அடுத்த அறையில் சர்வர் பெட்டிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த சத்தமும் சேர்ந்து அவளைப் பாதித் தூக்கத்தில் வைத்திருந்தன. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தாள். எண் அங்கேயேதான் இருந்தது.

அந்த நிலையம் ஒரு மருந்துக் கம்பெனியுடையது. இருபது வருடமாக அங்கே நடந்த ஆய்வுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்துக் கம்ப்யூட்டரில், ஒவ்வொரு விதமான கோப்பில் கிடந்தன. மீனவர்களின் நுரையீரல் பற்றிய பழைய ஆய்வு ஒரு மூலையில், குழந்தைகளின் இழுப்புக்கான புது மருந்துச் சோதனை இன்னொரு மூலையில். ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. அத்தனையையும் ஒரே தளத்துக்கு மாற்றிவிட்டால் ஐதராபாத்தில் இருப்பவரும் ஜெர்மனியில் இருப்பவரும் ஒரே நேரத்தில் பார்த்து வேலை செய்யலாம் என்பது 2012-இல் மேலிடம் எடுத்த முடிவு. ஒரே ஆள் இரண்டு ஆய்வில் இருந்தால் அவருக்கு ஒரே பதிவுதான் இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்துச் சேர்ப்பது பிரிஜாவின் வேலை.

இங்கேதான் அவள் தன் சாமர்த்தியத்தைக் காட்டினாள். பழைய கோப்புகளில் கடற்கரைக்காரர்களின் பிறந்த வருடம் எல்லாம் சுத்தப் பொய். பிறந்த தேதி கேட்டால் அந்தக் காலத்து ஆட்கள் தங்கள் பெயருக்குரிய புனிதரின் திருநாளைச் சொல்வார்கள். வருடத்தைக் கேட்டால் சிரிப்பார்கள். எழுதுகிறவர் வாய்க்கு வந்த ஒரு வருடத்தைப் போட்டுக்கொள்வார். முட்டத்தில் பிறந்து வளர்ந்த பிரிஜாவுக்கு இது தெரியும், ஐதராபாத்காரர்களுக்குத் தெரியுமா? வருடத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், பெயரும் கோயில் பங்கும் நாளும் மாதமும் தொடர்புக்குரிய ஆளும் பொருந்தினால் ஒரே ஆள்தான் என்று அவள் எழுதிக் கொடுத்த விதியை அவர்கள் பாராட்டி ஏற்றுக்கொண்டார்கள். மெஷின் ஜோடி சேர்த்துக் கொடுத்ததை எல்லாம் அவள் மொத்தமாகச் சரி என்று அழுத்திவிட்டாள்.

இப்போது திரையில் இருந்த பதிவைக் கண் விரியப் படித்தாள். பெயர் ததேயுஸ். ஊர் முட்டம். தொடர்புக்கு, மகள் பிரிஜா. நிலை, இறப்பு. அவளுடைய அப்பா.

சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் சுயம்புராஜை அழைத்துக் காட்டினாள். அவன் ஒரு நிமிடம் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இதுல பேடிக்க என்ன இருக்கு மக்கா? பாட்டாவையும் பேரனையும் மெஷின் ஒண்ணாக்கிட்டு. உனக்க விதிப்படிதான செய்திருக்கு."

உண்மைதான். யூதா ததேயுஸ் திருநாளன்றே பிறந்த பையனுக்கு, அதற்கு இரண்டு வருடம் முன்பு இறந்துபோன தாத்தாவின் பெயரை ஞானஸ்நானத்தில் வைத்தது அவள்தான். தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்காத வீடு முட்டத்தில் கிடையாது. இழுப்பால் கஷ்டப்பட்ட அந்தப் பையனைக் குழந்தைகள் சோதனையில் சேர்த்ததும் அவள்தான். தினமும் அவனை ஊத வைத்து அளவை மெசேஜில் அனுப்பினால் அது தானாகப் பதிவில் ஏறிக்கொள்ளும். பழைய பதிவுதான் நிற்கும், புதியது அதற்குள் கரையும் என்பது தளத்தின் ஏற்பாடு. ஆக, ஏழு வயது மகனின் மூச்சு செத்துப்போன அப்பாவின் பெயரில் ஏறிக்கொண்டிருந்தது.

பிரித்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் பிரிக்க வேண்டுமென்றால் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும், சொன்னால் விதியே தப்பு என்று ஆகும், இதுபோல் எத்தனை தாத்தாக்கள் எத்தனை பேரன்களை விழுங்கியிருக்கிறார்களோ என்று தோண்டுவார்கள். மாற்றும் வேலை முடிந்ததும் அவளை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மஸ்கட்டில் இருக்கும் கணவன் சிஜோ அதை நம்பித்தான் ஊருக்குத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று பிரிஜா திரையை அணைத்தாள்.

அன்று வீட்டுக்குள் நுழையும்போதே அந்தச் சத்தம் கேட்டது. மகனுடைய இழுப்பு அவளுக்கு அத்துப்படி. மெல்லிய சீழ்க்கையாக, நெஞ்சின் மேல்பக்கத்திலிருந்து வரும். இது அடியிலிருந்து வந்தது. கனமாக, ஈரமாக, பானையில் வெள்ளம் கொதிப்பது போல ஏறி, ஒரு கணம் நின்று, விருப்பமில்லாமல் இறங்கியது. அந்தச் சத்தத்தை இதே வீட்டில், உள்ளறைக் கட்டிலில், அப்பாவின் கடைசி மாதங்களில் கேட்டிருக்கிறாள். பையன் அந்தக் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முதுகை வளைத்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. குழந்தைகள் அப்படி உட்கார்வதில்லை.

அவளுடைய தங்கை ஜிஷாதான் பகலில் அவனைப் பார்த்துக்கொள்பவள். பத்து நாளாகவே இப்படித்தான், மழையினாலாக இருக்கும் என்றாள். பிறகு தயங்கியபடி, அந்த அறைக்குள் போனாலே பீடியும் டீசலும் மணக்கிறது, உனக்கும் மணக்கிறதா என்று கேட்டாள். பிரிஜா இல்லை என்று சொல்லிவிட்டாள். மணக்கத்தான் செய்தது. மகனின் தலையை முகர்ந்தபோது எண்ணெய் வாசனைக்கு அடியில் அதுவே இருந்தது. ஜான்சன் சோப்பில் தேய்த்துக் குளிப்பாட்டிப் பார்த்தாள். ஈரம் காய்ந்ததும் மறுபடி வந்தது.

பத்து நாள். பதிவுகளைச் சேர்த்தும் அத்தனை நாள்தான் ஆகியிருந்தது.

அதன்பின் அவள் கண் சும்மா இருக்கவில்லை. பையன் சோற்றில் மீனைப் பிசையும்போது சுண்டுவிரலை மடக்கிக்கொள்வதைப் பார்த்தாள். அப்பாவின் சுண்டுவிரல் வலைக்கயிற்றில் மாட்டி மடங்கிப்போனது. பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு எழுத்துத் தெரியாதவன் போல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சாயங்காலம் அவள் விளக்கைப் போட்டபோது, நிமிர்ந்து பார்க்காமலே, அவன் வயதுக்குப் பொருந்தாத ஒரு அலுப்போடு சொன்னான்.

"ஏட்டி பிரிஜா, லைட்ட அணை. கண்ணு கூசுது."

குரல் குழந்தைக் குரல்தான். அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது. அணைத்துவிட்டு இருட்டிலேயே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவன், "அம்மா, ஏன் இருட்டு?" என்று அழத் தொடங்கினான். ஓடிப்போய் வாரி அணைத்துக்கொண்டாள். அவன் இன்னும் உள்ளே இருக்கிறான் என்பது ஒன்றே அவளுக்குப் போதுமாக இருந்தது.

டாக்டர் எழுதிக் கொடுத்த எந்த மருந்துக்கும் அந்த மூச்சு அசையவில்லை. சனிக்கிழமை மத்தியானம், வேலை இல்லாவிட்டாலும் அவள் நிலையத்துக்குப் போனாள். பழைய கோப்பிலிருந்து அப்பாவின் மூச்சளவுகளை எடுத்து ஒரு கோடாக வரைந்தாள். அதன்மேல் மகனின் இந்த நாட்களுக்குரிய அளவுகளை வைத்தாள். புதிதாக ஒரு கோடு தெரியும் என்று காத்திருந்தாள். தெரியவில்லை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒரே கோடாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. அப்பாவின் கோட்டில் இன்னும் ஒரு புள்ளி மட்டும் மீதி இருந்தது. அது அவர் இறந்த அன்றைக்குரிய புள்ளி.

சுயம்புராஜின் வீடு பக்கத்துத் தெரு. மழையில் நனைந்துகொண்டே போய் அவனை இழுத்து வந்தாள். வேலை போனால் போகட்டும், பதிவைப் பிரிக்கும் பூட்டைத் திற என்றாள். திங்கட்கிழமை வரை பொறுக்கச் சொன்னான். அவள் முகத்தைப் பார்த்தபின் திறந்துவிட்டு, டீ வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டான்.

திரை இரண்டாகப் பிளந்தது. இடப்பக்கம் பெரியவர். வலப்பக்கம் குழந்தை. நடுவில் அந்தப் பதிவில் இருந்த ஒவ்வொன்றும் வரிசையாக நின்றது. எது யாருக்கு?

பழைய அளவுகள், அப்பாவுக்கு. தடுப்பூசிகள், மகனுக்கு. கடைசிப் பத்துப் பதினைந்து நாள் மூச்சளவுகள் வந்தபோது அவள் கை நின்றது. அந்த ஈரச் சத்தம் அவள் காதிலேயே இருந்தது. அது என் பிள்ளையின் மூச்சு இல்லை. ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் அள்ளி அப்பாவின் பக்கம் தள்ளினாள். எடுத்துக்கொண்டு போய்விடு என்று வாய்விட்டே சொன்னாள். மீதி இருந்ததைப் படிக்காமல் வலப்பக்கம் தள்ளி, முடி என்ற பொத்தானை அழுத்தினாள்.

பிரிக்கப்பட்டது.

உடனே ஜிஷாவுக்குப் போன் செய்தாள்.

"எக்கா, நானே விளிக்கணும்னு இருந்தேன். இப்பத்தான் அவனுக்க இழுப்பு நின்னுச்சு. பட்டுனு. சத்தமே இல்ல. சிரிச்சிட்டு இருக்கான்."

பிரிஜா அழுதாள். மேஜையில் தலையைக் கவிழ்த்து, வெட்கமில்லாமல், சத்தமாக அழுதாள். யூதா ததேயுஸே என்று புனிதரைக் கூப்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது திரையில் இரண்டு பதிவுகளும் தனித்தனியாக நின்றன.

ததேயுஸ், பெரியவர். நிலை, ஆய்வில் உள்ளார். கடைசி மூச்சளவு, இப்போது.

ஜிஷா இன்னும் போனில்தான் இருந்தாள். இப்போது அவனை ஊத வைத்தாயா என்று பிரிஜா கேட்டாள். இல்லையே என்றாள் ஜிஷா. குழாய் உள்ளறையில் கிடக்கிறது, அவன் என்னோடு அடுக்களையில் நிற்கிறான். பிறகு ஜிஷாவின் பேச்சு நின்றது. போனுக்குள் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு அப்பால் என்னவோ கொதித்தது. ஏறியது. நின்றது. இறங்கியது.

"எக்கா," என்றாள் ஜிஷா, மிக மெதுவாக. "உள்ளறைல யாரு?"

இணைப்பு அறுந்தது.

ததேயுஸ், குழந்தை. மூச்சளவு, இல்லை. நிலை, இறப்பு.

மீதி என்று அவள் படிக்காமல் தள்ளியது அந்த இறப்பைத்தான். மாற்றப் பார்த்தாள். மேலிடத்தின் ஒப்புதல் தேவை என்றது திரை. மறுபடி. ஒப்புதல் தேவை. மறுபடி. கரண்ட் போனது. சர்வர் இரைச்சல் அடங்கியதும் தன் மூச்சுதான் அவளுக்குக் கேட்டது.

பஸ்ஸில் வந்ததா ஆட்டோவில் வந்ததா என்று பின்னால் அவளால் சொல்ல முடியவில்லை. முட்டம் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கடல் பாறைகளில் அடித்து அடித்து இரைந்தது. ஜிஷா வாசலுக்கு வெளியே, கொட்டும் மழையில், தலைமுடியிலிருந்து வெள்ளம் ஒழுக நின்றுகொண்டிருந்தாள். வீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அக்கா கடந்து போனபோதும் திரும்பவில்லை.

கதவு திறந்திருந்தது. முன்னறையில் பையன் உட்கார்ந்து வண்டிப் பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தான். அவனேதான். அவன் சிரிப்பு. அவன் உடைந்த பல்.

"அம்மா, எனக்க நெஞ்சு இப்ப முட்டல்ல பாத்தியா?"

மண்டியிட்டு அவனை இழுத்து, நெஞ்சில் காதை வைத்தாள். சீழ்க்கை இல்லை. ஈரச் சத்தம் இல்லை. அழுத்தி வைத்தாள். துடிப்பும் இல்லை. அவன் இன்னும் சிரித்தபடி என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனான். நடுவில் எங்கேயும் மூச்சு வாங்கவில்லை.

உள்ளறையில் கட்டில் முனகியது. பீடி வாசனை வந்தது. யாரோ சிரமப்பட்டுக் காலைத் தரையில் ஊன்றினார்கள். மூச்சு ஏறியது. இறங்கியது. நன்றாக, தாராளமாக.

"பாட்டாவுக்குப் பசிக்கியாம். வா அம்மா," என்று மகன் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் போல அந்த விரல்கள் குளிர்ந்திருந்தன. அந்தக் கையை உதற அவளுக்கு மனம் வரவில்லை. இறுகப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் போனாள்.