ஜீப்புக்குப் பொருந்தாத டிரெய்லர்

காலை ஒன்பது மணிக்கு, இறக்கத்துப் பள்ளத்தில் ஜீப் கவிழ்ந்து கிடந்தது. பின்னால் கட்டியிருந்த டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடி, வண்டியையே இழுத்துத் தள்ளிவிட்டது. ஓட்டி வந்த டைல்ஸ் வியாபாரி அங்கேயே உயிரை விட்டார்.

பத்தரை மணிக்கெல்லாம் அவர் தம்பி ஆள் திரட்டிக்கொண்டு டிரெய்லர் விற்ற கடைக்கு வந்துவிட்டான். முதல் கல்லிலேயே கடையின் முன்கண்ணாடி போயிற்று. ஜீப்பின் சக்திக்கு மீறிய டிரெய்லரைத் தலையில் கட்டி அண்ணனைக் கொன்றுவிட்டான், இவனை உள்ளே தள்ளாமல் விடமாட்டேன் என்று குதித்தான். கடைக்காரரும் லேசுப்பட்டவர் அல்ல. கையில் ஸ்பானரோடு நின்றார். செத்தவரின் மனைவி அவரை நோக்கி மண்ணை வாரித் தூற்றினாள்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் முதலில் பள்ளத்தையும், பிறகு டைல்ஸ்காரர் வீட்டு முற்றத்தையும் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வந்தாள். வெயிலில் அலைந்த கடுப்பு முகத்தில் தெரிந்தது. கடைக்காரர், தம்பி, செத்தவரின் மனைவி மூவரை மட்டும் நிறுத்திக்கொண்டு, கூட்டத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தும்படி கான்ஸ்டபிளிடம் சொன்னாள்.

கடைக்காரரை முதலில் பிடித்தாள். ஜீப் எவ்வளவு பாரம் இழுக்கும் என்று பார்த்து, டிரெய்லரின் சொந்த எடையையும் சரக்கின் எடையையும் கூட்டி, அந்த அளவுக்குள் வருகிற டிரெய்லரைத்தான் கொடுத்தேன் என்றார் அவர். டிரெய்லருக்குத் தனி பிரேக்கும் உண்டு.

"சரக்குல பாதிக்கு மேல முன்பக்கம் இருக்கணும், பின்னால போச்சுன்னா வேகத்துல ஆடும்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் நிக்க வச்சுச் சொன்னேன். கேக்கலைன்னா நான் என்ன பண்ண?"

தம்பி பாய்ந்தான். இன்ஸ்பெக்டர் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சரக்கை ஏத்தினது யாரு?"

"அண்ணன்தான். நேத்து சாயந்தரமே தனியா ஏத்தி முற்றத்துல நிறுத்திட்டாரு. காலைல ஜீப்பைக் கொண்டுவந்து பூட்டினாரு. நான் தொடவே இல்லை."

செத்தவரின் மனைவியும் அதையே சொன்னாள். வண்டியைப் பூட்டிவிட்டு அவர் உள்ளே வந்து குளித்தார், சாப்பிட்டார். அப்போது முற்றத்தில் கொழுந்தன் மட்டும் இருந்தான். முந்தின நாள்தான், இனிமேல் தொழிலில் நீ வேண்டாம் என்று அண்ணன் அவனிடம் கறாராகச் சொல்லியிருந்தார்.

கடைக்குள் ஒரு காலி டிரெய்லர் நின்றது. அதன் முன்பக்கத்தை ஒரு சின்னச் சக்கரம் தாங்கிக்கொண்டிருந்தது.

"பின்னால ஏறி, ஓரத்துல நில்லு," என்றாள் தம்பியிடம்.

முறைத்துக்கொண்டே ஏறினான். பின்பக்கம் தரையில் இடித்தது. முன்பக்கம் கூரையைப் பார்த்து எழும்பியது. அவன் தடுமாறிக் கீழே விழுந்தான்.

"பாத்தியா? பள்ளத்துல கிடக்கிற டிரெய்லர்ல டைல்ஸ் பெட்டியெல்லாம் பின்பாதியில இருக்கு. கட்டின கயிறு அவிழலை, அதனால விழும்போது நகரவும் இல்லை. அப்படியே ஏத்தித் தனியா நிறுத்தியிருந்தா, இதே மாதிரி மல்லாந்திருக்கும். ஆனா உங்க முற்றத்து ஈர மண்ணுல சின்னச் சக்கரம் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி பறிச்சிருக்கு. ராத்திரி முழுக்க பாரம் முன்னாலதான் இருந்திருக்கு. உங்கண்ணன் சரியாத்தான் ஏத்தியிருக்காரு. ஜீப்புல பூட்டின பிறகு டிரெய்லர் கவிழாது. அப்போ யாரு வேணும்னாலும் கயிறை அவிழ்த்துப் பெட்டியைப் பின்னால தள்ளி, மறுபடி கட்டி, தார்ப்பாயைப் போட்டு மூடலாம். அவர் குளிக்கிற நேரத்துல முற்றத்துல இருந்தது நீ ஒருத்தன்தான்."

தம்பி எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே வாய் கோணிற்று.

"சாகணும்னு நினைக்கலை. வண்டி ஆடட்டும், சரக்கு உடையட்டும், நான் இல்லாம முடியாதுன்னு தெரியட்டும்னுதான்..."

கடைக்காரர் ஸ்பானரை மேசையில் வீசினார். உடைந்த கண்ணாடிக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அண்ணி கொழுந்தன் முன்னால் வந்து நின்றாள். அழுகை எப்போதோ நின்றுபோயிருந்தது.

"கேட்டைத் திறந்துவிட்டு, 'பாத்துப் போங்கண்ணா'ன்னு சொன்னியேடா."

வெளியே கூட்டம் இன்னும் கடைக்காரரின் உயிரைக் கேட்டுக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது. கான்ஸ்டபிள் கதவைத் திறந்து, தம்பியின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்ததைப் பார்த்த பிறகுதான் அது அடங்கியது.