அந்த இருக்கைக்கு ஆள் உண்டு

ஏறியது நான்கு பேர். வண்டியில் இருந்ததும் நான்கு இருக்கைகள். இருந்தும் அந்தத் தகப்பன் தன் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மடியில் உட்காரும் வயதைத் தாண்டிய பெண். அவள் கால்கள் தரையில் இடித்தன. வண்டி நிறுவன வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை அவற்றை மேலே இழுத்து இழுத்து வைத்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இடப்புறச் சன்னலோர இருக்கை காலியாகக் கிடந்தது.

திரையில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இப்படிப்பட்ட வேடிக்கைகளைப் பார்ப்பதற்குத்தான் அவளுக்கு அங்கே வேலை. தானாக ஓடும் வண்டி அது; ஓட்டுநரும் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை. எதிரும் புதிருமாக இரண்டிரண்டு இருக்கைகள். அப்படி ஒரு வண்டியில் ஏறினால் மனிதர்கள் எங்கே உட்காருவார்கள், ஏன் அங்கே உட்காருவார்கள் என்பதை நிறுவனம் ஆராய்ந்துகொண்டிருந்தது. தினமும் ஆட்களை வரவழைத்து, ஏற்றி, சுற்றிக் காட்டி, இறங்கியதும் கேட்பார்கள். "ரோட்டைப் பாத்து உக்காந்தாத்தான் தலை சுத்தாது" என்பார் ஒருவர். "முன்ன பின்ன தெரியாதவங்க மூஞ்சியை எவ்வளவு நேரந்தான் பாக்கறது?" என்பார் இன்னொருவர். "டிரைவர் இருந்தாத் திட்டிக்கிட்டே போலாம். இதுல யாரைத் திட்டறது? அதான் கண்ணை மூடிக்க வசதியா ஒரு மூலையாப் பாத்தேன்" என்று ஒரு பெரியவர் சொன்னதைக் கேட்டு அறையே சிரித்தது. யார் வந்தாலும் முதலில் நிரம்புவது போகும் திசையைப் பார்த்த அந்த இடப்புறச் சன்னலோரம்தான். அதற்குச் சண்டைகூட நடந்திருக்கிறது.

இறங்கி வந்த தகப்பனிடம் கேட்டாள். "பாப்பாவை ஏன் மடியில வச்சுக்கிட்டீங்க? ஒரு சீட் காலியாத்தானே இருந்துச்சு?"

"காலி இல்லீங்களே. அதுக்கு ஆள் வருதுன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"உள்ள இருந்த பொண்ணுதான்."

அவள் பதிவை ஓட்டிப் பார்த்தாள். தகப்பன், தாய், தாயின் தம்பி, சிறுமி. வேறு ஒருவரும் இல்லை. "எந்தப் பொண்ணு? எங்க உக்காந்திருந்தா?" என்று கேட்டபோது சிறுமி முந்திக்கொண்டாள்.

"கீழ. எங்க கால்கிட்ட." பிறகு தன் ஒரு காலைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை வெளிப்புறமாக மடக்கப் பார்த்தாள். கால் அப்படி மடங்கவில்லை. "அந்த அக்காவுக்கு மட்டும் மடங்குது" என்றாள்.

கேள்வி கேட்டவள் பதிவை நிறுத்தினாள். அந்த மடிப்பை அவள் அறிவாள். பிணவறையில், துணியை விலக்கிக் காட்டியபோது பார்த்தது.

போன வருடம் இதே ஆராய்ச்சிக்கு, இதே வண்டியில், இதே சன்னலோரத்தில் உட்கார்ந்து போனவள் அவள் தங்கை. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். ஒரு இடத்தில் கால் தரிக்காதவள், பெரியவர் சின்னவர் பாராமல் வம்பிழுப்பவள். ஆனால் வண்டியில் ஏறினால் மட்டும் பெல்ட்டை மாட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள். வண்டி தடுப்புச் சுவரில் மோதியபோது பெல்ட்டின் பூட்டு தானாகக் கழன்றுகொண்டது. இருக்கைகளுக்கு நடுவே தரையில் மடங்கிக் கிடந்தாள். "பயணி பெல்ட் அணியவில்லை" என்று நிறுவனம் கைகழுவியது. பிணவறை வாசலில் நிறுவனத்தின் மெக்கானிக் அக்காவான அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "பூட்டு பிடிக்கல, வண்டியை எடுக்காதீங்கன்னு அன்னைக்குக் காலையிலயே மேலாளர்கிட்ட சொன்னேம்மா. சரி, சரின்னாரு."

மேலாளர் எதற்கும் சரி, சரி என்பார். அதனால் ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரே சரிசரி.

அவள் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவள்; இன்னார் அக்கா என்று அங்கே யாருக்கும் தெரியாது. இந்த வேலைக்கு மனுப்போட்டாள், கிடைத்தது. சேர்ந்த அன்று மெக்கானிக் அவளை அடையாளம் கண்டுகொண்டு திகைத்து நின்றார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. எதற்காக வந்தோம் என்று அவளுக்கே தெளிவில்லை. மேலாளரின் பின்கழுத்தைப் பார்ப்பாள். மழமழவென்று சவரம் செய்த, சதை மடிந்த கழுத்து. அந்தச் சன்னலோரத்தில் நீ உட்காரணும், நீ உட்காரணும் என்று மனசுக்குள் அரைத்துக்கொண்டே இருப்பாள். குளிக்கும்போதும், சோறு பிசையும்போதும், கணவர் தொலைபேசியில் "போதும், வந்துடு" என்று கெஞ்சும்போதும் அதே அரைப்புதான்.

அந்தக் குடும்பத்துக்குப் பிறகு யாருமே அந்த இருக்கையில் உட்காரவில்லை.

ஒரு கல்லூரி மாணவன் அதன்மேல் பையைக்கூட வைக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். "ஆள் இருக்குன்னாங்க" என்றான். ஒரு நர்ஸ் சுற்று முழுக்கக் கால்களை இருக்கைமேல் ஏற்றி வைத்திருந்தாள். கேட்டால், "கால் வைக்க எங்கங்க இடம் இருந்துச்சு?" என்று இவளிடமே கோபித்துக்கொண்டாள். யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. பேருந்தில் துண்டு போட்ட இடத்தைத் தாண்டிப் போவதுபோல அந்த இடத்தைத் தாண்டிப் போனார்கள். வண்டி திரும்பி வந்து கதவு விலகும் ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. தேய்ந்த ரப்பர், சூடான இரும்பு, அதற்கடியில் நனைந்த தலைமுடி உலராமல் கிடக்கும் வாடை.

அவள் பயந்தாள். ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்று நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது. ஆள் வருது என்றால் யாருக்காக அந்த இடம் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மேலாளரைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் அவளுக்குச் சிரிக்க வந்தது.

ஒரு மாலை எல்லோரும் போன பிறகு வண்டிக் கொட்டகைக்குத் தனியாகப் போனாள். ஆறு வண்டிகள் வரிசையாக நின்றன. வெளியே மழை தூற ஆரம்பித்திருந்தது; தகரக் கூரையின்மேல் யாரோ விரல்நுனியால் பொறுமையில்லாமல் தட்டுவதுபோல அது கேட்டது. அந்த வண்டியின் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கில்லை. இருக்கைகளுக்கு நடுவே தரை மட்டும் மற்ற இருட்டைவிட இன்னும் கருப்பாக, ஏதோ குவிந்து கிடப்பதுபோல இருந்தது.

"வாலு?"

மழை.

"வாலு, நீயாடி?"

"ஆமாக்கா" என்றது உள்ளே.

குரல் தங்கையுடையதுதான். அந்தக் கரகரப்பு, அந்த மூக்கடைப்பு, எல்லாம். ஆனால் அவள் ஓரடி பின்வாங்கினாள். வாலு பிறந்ததிலிருந்து அவளை ஒருநாள்கூட அக்கா என்று கூப்பிட்டதில்லை. அம்மா அடித்துக்கூடப் பார்த்தாள். "ஏய் மூத்தவளே", "என்னடி கிழவி", இப்படித்தான். இந்தக் குரல் மரியாதையாக இருந்தது. அன்பாகவும் இருந்தது. வாடகைக்கு வீடு கேட்டு வந்து நிற்பவரின் பணிவு.

அது வாலு இல்லை. அந்தக் கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வருடமாகத் தான் அரைத்த அரைப்பைக் கேட்டு எங்கிருந்தோ ஒன்று வந்திருக்கிறது. வண்டித் தரையில் கிடந்த தங்கையின் உருவத்தை எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறது. திரும்பி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. யாராக இருந்தால் என்ன?

"அவர் உக்காரணும்" என்றாள்.

"உக்கார வைக்கிறேங்க்கா." சற்றுப் பொறுத்து, தரையில் ஏதோ புரண்டு படுத்தது. எலும்பு தரையில் உரசும் ஓசை. "அவர் மட்டும் போதுமா?"

அவள் நினைத்தது நிறைய. பொய்யாக அறிக்கை எழுதியவன். அதை அச்சடித்தவன். படித்துவிட்டு உச்சுக்கொட்டி மறந்தவர்கள். பெல்ட் போடாமப் போனா சாகத்தான் செய்வாங்க என்று டீக்கடையில் பேசிய முகம் தெரியாத ஊர். போதும் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவள் வாயைத் திறக்கவில்லை. தரையில் இருந்தது அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மெல்ல மூச்சு விட்டது.

இரண்டு நாள் கழித்து மேலாளர் அவள் இருந்த அறைக்குள் வந்து குதித்தார். பெரிய அதிகாரிகள் முடிவைக் கேட்கிறார்களாம். "நாலு சீட்டுல ஒண்ணுல மனுஷனே உக்கார மாட்டானா? நான் போய் என்ன சொல்றது? பேய் பிடிச்சிருக்குன்னா?" கடைசிக் குழு காத்திருப்பு அறையில் குடைகளோடு உட்கார்ந்திருந்தது. "அவங்க இருக்கட்டும். முதல்ல நான் உக்காந்து காட்டறேன்."

கொட்டகையில் மெக்கானிக் குறுக்கே வந்தார். "சார், இந்த வண்டி வேண்டாம். வேற எடுங்க. நான் சொல்றதைக் கேளுங்க."

"சரி, சரி" என்று அவரை ஒதுக்கிவிட்டு ஏறினார். கதவருகே ஒரு கணம் நின்றார். பிறகு, யாரோ நகர்ந்து வழிவிட்டதுபோல, எதையோ தாண்டிக் காலை எட்டி வைத்து சன்னலோரத்தில் அமர்ந்தார்.

மெக்கானிக் அறைச் சன்னல் வழியாக அவளைப் பார்த்தார். "நீயாவது சொல்லும்மா."

அவள் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள். "பெல்ட் போட்டுக்குங்க சார்" என்றாள். அவ்வளவு இனிமையாக அவள் யாரிடமும் பேசியதில்லை.

வண்டி கிளம்பியது. திரையில் அவர் முகம் பெரிதாகத் தெரிந்தது. முதல் வளைவுவரை கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வளைவில் கீழே குனிந்தார்.

"யாரும்மா நீ? ஏன் கீழ உக்காந்திருக்கே? எந்திரி. மேல வா."

பதில் அவளுக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. முகம் வெளிறிப்போவதைத் திரையிலேயே பார்க்க முடிந்தது. கால்களை மேலே இழுத்தார். பெல்ட்டின் பூட்டைத் தேடினார். அழுத்தினார். மறுபடி அழுத்தினார். பிறகு இரு கைகளாலும்.

டிக்.

பெல்ட் தன் பல்சக்கரத்தில் ஒரு பல் இறுகியது.

டிக். டிக்.

சட்டை சுருங்கி உள்ளே போனது. இதற்குத்தானே காத்திருந்தேன் என்று நினைத்தாள். அவள் கை சிவப்புப் பொத்தானின்மேல் இருந்தது. அதை அழுத்தினால் வண்டி நிற்கும். இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரே ஒரு பல்.

டிக்.

அவர் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும். அந்த ஓசை மட்டும், நிதானமாக, சுவர்க் கடிகாரம்போல. பிறகு ஈரமாக ஏதோ உடைந்தது. அவள் அலறிக்கொண்டு பொத்தானைக் குத்தினாள். குத்திக்கொண்டே இருந்தாள். வண்டி நிற்கவில்லை. அவசரமும் காட்டவில்லை. மீதிச் சுற்றை ஒழுங்காக முடித்து, கொட்டகைக்குள் வந்து, தன் இடத்தில் நின்று, கதவை விலக்கியது.

அவள் ஓடி வந்தபோது மெக்கானிக் வாசலில் மண்டியிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். மேலாளர் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். பெல்ட் தோளிலிருந்து இடுப்புவரை இருக்கையின் பின்மெத்தையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நடுவில் அவர் இருந்தும்.

தரையில் யாரும் இல்லை.

"போதும்" என்றாள். "போதும், போதும், போயிடு."

கொட்டகையில் மற்ற ஐந்து வண்டிகளின் விளக்குகளும் எரிந்தன. ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒரே நேரத்தில். கதவுகள் விலகின. ஒவ்வொரு வண்டியிலும், நான்கு இருக்கைகளிலும், பெல்ட்டுகள் வெளியே இழுக்கப்பட்டு அந்தரத்தில் விறைத்து நின்றன. குழந்தைக்குச் சட்டை போட்டுவிட அம்மா விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல, பொறுமையாக.

காத்திருப்பு அறைக் கதவு திறந்தது. கடைசிக் குழு வந்தது. யாரோ பெயர் சொல்லி அழைத்த முகத்தோடு, லேசாகப் புன்னகைத்தபடி. குடையை மடக்கிக்கொண்டே ஒரு முதியவர். கைகோத்தபடி புதிதாய் மணமான இருவர். தூங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒருத்தி. வாலுவின் அக்கா அவர்கள் முன்னால் போய்க் கைகளை விரித்து மறித்தாள். கத்தினாள். சட்டையைப் பிடித்து இழுத்தாள். கூட்டத்தில் வழிகேட்டு நகர்வதுபோல அவளை மெல்ல ஒதுக்கிவிட்டுப் போனார்கள். எங்கே உட்காருவது என்று ஒருவருக்கும் தயக்கமில்லை. குழந்தையை வைத்திருந்தவள் மட்டும் படியில் நின்று, தரையைப் பார்த்து, "கொஞ்சம் பிடிங்க" என்று குழந்தையைக் கீழே நீட்டினாள்.

கீழேயிருந்து இரண்டு கைகள் வந்து வாங்கிக்கொண்டன.