குழந்தை மட்டும் கேட்கும் அறை

உட்காரச் சொல்லியும் ஆராய்ச்சி மாணவி யூலியா பார்டல் உட்காரவில்லை. காலணியில் ஒட்டிய பனி கம்பளத்தில் உருக, ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டே பேசினாள்.

"மூணு மணிக்கு ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடுது. நான் ஆய்வு முடிவை ஜோடிச்சேன்னு என் வழிகாட்டி, பேராசிரியர் மக்கஸ்கில் புகார் குடுத்துட்டார். பட்டம் போச்சு. அதுக்கப்புறம் வின்னிபெக் ஊர்ல மட்டும் இல்ல, எங்கயும் எந்த ஆய்வுக்கூடமும் என்னைச் சேத்துக்காது."

பல்கலைக்கழகத்தில் நிகழும் ஆய்வு முறைகேடுகளை விசாரிப்பவர் ஹார்லன் ஃப்ரீசன். பிறருடைய அவசரம் அவரிடம் ஒட்டுவதில்லை. அவருக்கும் சேர்த்து அவசரப்பட உதவியாளர் டெஸ் மார்ச்சுக் இருந்தாள்; அவள் ஏற்கெனவே மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜோடிச்சீங்களா?" என்றார் ஃப்ரீசன்.

"இல்ல."

"சரி. சோதனையச் சொல்லுங்க."

யூலியா விளக்கினாள். யாரும் பேசாத ஒரு கற்பனை மொழியை எட்டு மாதக் குழந்தைக்குச் சில நிமிடங்கள் கேட்கவைப்பார்கள். பின்னர் அம்மொழியின் சொற்களும், குழந்தை அதுவரை கேட்டிராத புதுச் சொற்களும் மாறி மாறி ஒலிக்கும். ஒலி வரும் பக்கத்தில் ஒரு விளக்கு சிமிட்டும். புதிய சொல் என்றால் குழந்தை அந்தப் பக்கம் நெடுநேரம் பார்க்கும். பழகிய சொல் என்றால் சலித்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சில நிமிடங்களில் ஒரு மொழி மனத்தில் பதிந்துவிட்டது என்பதற்கு அந்தப் பார்வைதான் சான்று.

"என் சோதனையில வந்த குழந்தைங்க அப்படித்தான் பாத்தாங்க. இந்தக் குளிர்காலத்துல பேராசிரியரே புதுச் சொல்லுங்களை மட்டும் மாத்திட்டு அதைத் திரும்பச் செஞ்சார். வித்தியாசமே இல்ல. எல்லாத்தையும் ஒரே மாதிரி பாக்குதுங்க."

"உங்க பழைய வீடியோ?"

"பெத்தவங்களுக்குக் குடுத்த வாக்குப்படி, வருஷம் முடிஞ்சதும் அழிச்சாச்சு. அது விதி."

"நல்ல விதி. நேரம் பாத்துக் கழுத்தறுக்குது," என்றாள் டெஸ்.

ஆய்வுக்கூடத்தின் காத்திருப்பு அறையில் அறையைச் சூடாக்கும் குழாய்கள் ஓயாமல் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தன. ஒரு தாய் மேசையில் குனிந்து, பல பக்கங்கள் கொண்ட ஒப்புதல் காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒலிப்பதிவாளர் வேஸ் டெலோர்ம் அவளுடைய குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்.

"தெலூமி, தெலூமி, பகோனு... அழாதடா ராசா. அம்மா படிச்சு முடிக்கட்டும், நாம ஊர் சுத்தலாம். தெலூமி..."

"அந்தத் தாடியப் பாத்துமா அழுகைய நிறுத்துது?" என்றாள் டெஸ்.

"தாடிதாங்க மருந்து. வேணும்னா நீங்களும் சாஞ்சு பாருங்க."

மக்கஸ்கில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே வந்தார். "இங்க விசாரிக்க என்ன இருக்குன்னு தெரியல. உள்ள அம்மா காதுல ஹெட்போன், சத்தமா பாட்டு ஓடும். குழந்தைக்கு அவங்க ஜாடை காட்ட முடியாது. நான் வெளிய உக்காந்து ஒலியில்லாத படத்தைப் பாத்து, குழந்தை பாக்கற நேரத்துக்குப் பொத்தானை அழுத்தறேன். எந்தச் சொல் ஓடுதுன்னு எனக்கே தெரியாது. அந்த அறையில கேக்கறது குழந்தை மட்டும்தான்."

"அப்படின்னா யூலியாவும் ஏமாத்தியிருக்க முடியாதே?" என்றார் ஃப்ரீசன்.

"அறையில முடியாது. பிற்பாடு மேசையில கணக்கு எழுதும்போது முடியும்."

யூலியா மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

அடுத்த சோதனைக்கு முன்பு, ஃப்ரீசன் சோதனை அறைக்குள் சென்று தாயின் நாற்காலியில் அமர்ந்தார். ஹெட்போன் அணியவில்லை.

"பால் புட்டி கொண்டுவரட்டுமா?" என்று டெஸ் வாசலிலிருந்து கேட்டாள்.

"கதவைச் சாத்து."

பதிவு முழுவதையும் கேட்டுவிட்டு வெளியே வந்தவர், மக்கஸ்கிலின் குளிர்கால வீடியோக்களைப் பார்க்கும்படி டெஸ்ஸிடம் சொன்னார். எவை மற்றவற்றிலிருந்து மாறுபடுகின்றன என்பதே கேள்வி. உணவு இடைவேளை முடிவதற்குள் அவள் ஓடிவந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு! அபாட் வீட்டு ரெட்டைக் குழந்தைங்க. அக்காக்காரி, யூலியாவோட சோதனைக் குழந்தைங்க மாதிரியே புதுச் சொல் வர்ற பக்கம் கண்கொட்டாம பாக்கறா. தங்கை மத்தவங்க மாதிரி. ஒரே வீடு, ஒரே அம்மா, ஒரே நாள். எப்படி?"

ஃப்ரீசன் திருமதி அபாட்டைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஆமாங்க, அன்னிக்கு பஸ் பனியில மாட்டிக்கிச்சு," என்றாள் அவள். "முன்னாடியே வாங்கி வச்சிருந்த ஒப்புதல் காகிதத்தை பஸ்லயே படிச்சுட்டேன். லேட்டுன்னு பெரியவளை நேரா உள்ள கொண்டுபோனோம். சின்னவ அவ முறை வர்ற வரைக்கும் வெளிய வேஸ்கிட்ட இருந்தா. ஏன், காதுல ஏதாவது கோளாறா? டாக்டர்கிட்ட காட்டணுமா?"

"ரெண்டு பேருக்கும் காது நல்லாக் கேக்குதும்மா. சின்னவளுக்குக் கொஞ்சம் அதிகமாவே கேட்டிருக்கு."

மூன்று மணி நெருங்கிக்கொண்டிருந்தது. ஃப்ரீசன் எல்லோரையும் காத்திருப்பு அறைக்கு வரச்சொன்னார். சோதனை முடிந்து வெளியே வந்த குழந்தை வீறிட்டு அழுதது. வேஸ் கைகளை நீட்ட, தாய் கொடுத்துவிட்டுப் பையைத் தேடப் போனாள்.

"யூலியா, உங்க காலத்துல அம்மா காகிதம் படிக்கும்போது குழந்தை யார்கிட்ட இருந்தது?" என்று கேட்டார் ஃப்ரீசன்.

"அவங்க மடியிலதான். அப்போ வேஸ் இங்க வேலைக்கு வரல."

"வேஸ், இந்தக் குளிர்காலத்துப் புதுச் சொல்லுங்களோட ஒலிப்பதிவை வெட்டிச் சீர்ப்படுத்தினது யாரு?"

"நான்தான். வாரக்கணக்கா அதே வேலை. ஏன்?"

"அழற குழந்தைக்கு என்ன சொல்வீங்க?"

"ஒண்ணும் சொல்லமாட்டேனே. சும்மா குழந்தைச் சத்தம்." சொல்லிக்கொண்டே அவர் ஆட்டத் தொடங்கினார். "தெலூமி, பகோனு, தெலூமி..."

யூலியாவின் நடை நின்றது. மக்கஸ்கில் அருகிலிருந்த நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டார்.

"வேஸ், நீ என்ன பாடற?" என்றார் அவர்.

"என்ன பாடறேன்?" வேஸ் உண்மையாகவே விழித்தார்.

"உள்ள ஓடுற புதுச் சொல்லுங்களைத்தான்," என்றார் ஃப்ரீசன். "நாள் முழுக்கக் காதுல விழுந்தது வாயில தங்கிருச்சு. கத்துக்கிட்டது அவருக்கே தெரியாது. அதனால இங்க வர்ற ஒவ்வொரு குழந்தையும் அதைக் கேட்டுட்டுத்தான் உள்ள போகுது. புதுச் சொல் புதுசாவே இல்ல, ரெண்டுமே பழகினது. வித்தியாசம் எப்படி வரும்? நேரா உள்ள போன அபாட் வீட்டு மூத்தவளுக்கு மட்டும் அது புதுசு. பேராசிரியரே, உள்ள அம்மா காதை அடைச்சீங்க, உங்க காதையும் அடைச்சுக்கிட்டீங்க. கதவுக்கு வெளிய யார் வாயையும் அடைக்கல."

"நான் தினமும் இந்த வழியாத்தான் போறேன். எனக்கு எப்படிக் கேக்காம போச்சு?"

"பழகினதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கறது குழந்தைங்க மட்டும் இல்லையே."

வேஸின் முகம் தாடிக்குள் சிவந்தது. "யூலியா, சத்தியமா நான்..."

"தெரியும், வேஸ்."

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் ஃப்ரீசன். "யூலியா சொன்னது சரின்னு இதனால நிரூபணம் ஆகல. அவங்க பொய் சொன்னாங்கங்கறதுக்கு இருந்த ஒரே சான்று போச்சு. அவ்வளவுதான்."

மக்கஸ்கில் குழுத் தலைவரை அழைத்து, புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சுருக்கமாகச் சொன்னார். பின்னர் யூலியாவிடம் திரும்பினார்.

"மன்னிச்சிரும்மா. சோதனைய நீயே மறுபடி செஞ்சிடு."

"மாட்டேன்," என்றாள் அவள். "முடிவு மாறினா என்ன மாறிச்சுன்னு தேடணும்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான். என் விஷயத்துல அதைத் தேடல. பொய் சொன்னியான்னு கேட்டீங்க. நான் செஞ்சா நாளைக்கும் அதையே கேப்பீங்க. நீங்களே செய்யுங்க. எனக்கு வந்த முடிவு உங்களுக்கு வரலேன்னா, நானே குழு முன்னாடி போய் நிக்கறேன்."

அப்போது வாசலில் அடுத்த தாய் குழந்தையுடன் வந்து நின்றாள். பழக்கத்தில் முன்னே நீண்ட கைகளை வேஸ் பின்னால் இழுத்துக்கொண்டார். மக்கஸ்கில் நாற்காலியைத் தாமே நகர்த்திப் போட்டு, காகிதத்தையும் பேனாவையும் எடுத்து வைத்தார்.

"உக்காருங்க," என்றார். "குழந்தை உங்க மடியிலயே இருக்கட்டும்."