ஒண்ணும் கேக்கல

மாமிருக்குக் குபாத் தர வேண்டிய கடன் முப்பத்தெட்டாயிரத்து நானூறு சோம். மாமிர் செத்து ஆறு வருஷமாகியும் அதில் ஒரு சோம்கூடக் குறையவில்லை.

பூகம்பத்தில் மாமிரின் வீடு அவன்மேலேயே விழுந்தது. மீட்பு ஆட்கள் இயந்திரங்களை நிறுத்தி, ஊரையே வாய்மூட வைத்து, குபாத்தை இடிபாட்டில் காது வைக்கச் சொன்னார்கள். கேட்டது. மும்மூன்றாகக் கல்லில் கல் தட்டும் சத்தம். இனி கடன் கேட்க ஆளிருக்காது என்று ஒரு நொடி தோன்றிவிட்டது. "ஒண்ணும் கேக்கல" என்று எழுந்து வந்துவிட்டான்.

இப்போது அதே மனையில் பள்ளிக்கூடம் வரப்போகிறது. மண் தாங்குமா என்று பார்க்க, நிலத்தைக் குலுக்கும் ராட்சத லாரி ஓஷ் நகரிலிருந்து வந்திருந்தது. அதன் வயிற்றிலிருந்து இரும்புத் தகடு இறங்கித் தரையை உலுக்கும். லாரிக்குப் பின்னால் குழி வெட்டி, அதிர்வு பதியும் கருவியைப் புதைப்பது குபாத்தின் கூலி வேலை.

"பாத்துண்ணே, வெட்டி வெட்டிச் சீனாவுக்குப் போயிடாதீங்க," என்றான் ஓட்டுநர் தாலாய்.

ஆளுயரக் குழி. ஈர மணலின் வாடை. கருவியை அழுத்தி வைக்கும்போது லாரியின் என்ஜின் நின்றது. குலுக்குமுன் சும்மா கிடக்கும் நிலத்தைப் பதிவு செய்வார்கள். அதுவரை யாரும் அசையக் கூடாது.

நட்டநடுப் பகல். காற்றுகூட இல்லை.

தட். தட். தட்.

காலுக்குக் கீழே.

வாக்கி டாக்கியில் பொறியாளர் ஐனாகுல் மெல்லக் கேட்டாள்: "அண்ணே, திரையில தட்டுற மாதிரி விழுது. உங்களுக்கு ஏதாச்சும் கேக்குதா?"

நாக்கு பழைய இடத்துக்கே போனது.

"ஒண்ணும் கேக்கல."

அவன் மேலே ஏறிவிட்டான் என்றே அவள் நினைத்தாள். லாரி குலுக்கத் தொடங்கியது.

மணல் கஞ்சியாக இளகி முழங்காலை விழுங்கியது. இடுப்பில் இறுகியது. குழியின் சுவர் கழுத்துவரை சரிந்தது. வாக்கி டாக்கி கைக்கு எட்டாமல் கிடந்தது.

லாரி நின்றது. மறுபடி அமைதி.

கத்தப் பார்த்தான். மார்பை மணல் நெரித்ததில் குரல் வரவில்லை. புதைந்த கையில் ஒரு கல் அகப்பட்டது. கருவியின்மேல் தட்டினான். மும்மூன்றாக.

"தாலாய், பின்னால ஏதோ தட்டுது பாரு."

"ஒண்ணும் கேக்கலக்கா."

"சரி, இன்னொரு தடவ குலுக்கு."

மறுநாள் ஜனாஸா தொழுகையில், கடனோடு புதைந்தவனுக்கு நிம்மதி இல்லை என்பதால், வழக்கப்படி இமாம் கேட்டார்: "குபாத் யாருக்காவது பாக்கி வச்சிருக்கானா?"

மாமிரின் மகன் முன்னால் வந்தான். "எங்கப்பாவுக்கு. முப்பத்தெட்டாயிரத்து நானூறு. விட்டுட்டோம்."

குபாத்தின் உடலை எடுத்தபோது குழிக்குள்ளேயே விட்டுவந்த கருவி, நேற்றிலிருந்து இருவேறு தட்டல்களைத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது, ஒன்றுக்கு மற்றது பதில் சொல்வதுபோல. மகன் அப்படிச் சொன்ன அதே நேரத்தில் ஒன்று நின்றுபோனதைத் திரையில் ஐனாகுல் பார்த்தாள்.

மற்றது நிற்கவில்லை.