இடது பக்கக் கதவு

மிஹ்லார் சாகாமம் போய்ச் சேர்ந்தபோது மாலை அசர் தொழுகை முடிந்திருந்தது. குளக்கட்டை ஒட்டிய அந்த வீட்டு வாசலில் தன் சிவப்பு எம்.ஜி.யை நிறுத்தினான். துணிக்கூரை போட்ட, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்.

கல்முனைத் தெருவில் அதை முதன்முதலில் ஓட்டியபோது பக்கத்தில் மனைவி ஸஹ்றா இருந்தாள். மறுநாள் விடிய இருமத் தொடங்கினாள். வாயிலிருந்து சேற்றுத் தண்ணீர் வந்தது. அதில் பாசி கிடந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சு சுத்தமாக இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு அவள் பேச்சும் நின்றது.

காரை விற்ற சம்மாந்துறை மஜீட் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தன் தங்கையும் அதில் ஏறியவள்தான், காய்ந்த பாயில் படுத்தபடியே தண்ணீரில் மூழ்கியவளைப் போல மூச்சுத் திணறி மௌத்தானாள் என்று மட்டும் சொன்னார். அவருக்கு விற்றவர்தான் இந்த வீட்டுக் கிழவர் மீராமுகைதீன்.

கிழவர் படியை விட்டு இறங்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து குளத்துச் சேற்று வாடை வந்தது.

"இடது பக்கம் ஆரு தம்பி இருந்த?"

"என்ட மனிசி."

அவர் மெல்ல உட்கார்ந்தார். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய கார், அவன் காலத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை என்றார். மாரி மழையில் குளக்கட்டில் வழுக்கி, காரோடு தண்ணீருக்குள் போனதாம். பக்கத்தில் அவர் மனைவி நுஸ்ரத்.

"நான் வெளிய வந்துட்டன். அவட கதவ ஏலுமான மட்டும் இழுத்துப் பாத்தன். திறபடல்ல."

மிஹ்லாரின் போன் அடித்தது. வீட்டில் பேச்சற்றுக் கிடந்த ஸஹ்றா.

எங்கே போகிறேன் என்று அவளிடம் அவன் சொல்லியிருக்கவில்லை.

"அவர் பொய் சொல்றார்," என்றது குரல். ஸஹ்றாவின் குரல்தான், ஆனால் நிதானமாக, வயது முதிர்ந்ததாக. "கதவுல கை வைக்கவே இல்ல. நான் உள்ளுக்கிருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தன்."

கிழவருக்கும் அது கேட்டது. இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்ட மனிசிய விட்டிருங்க," என்றான் மிஹ்லார். "அவ உங்களுக்கு என்ன செஞ்ச?"



போனில், எதற்குள்ளோ தண்ணீர் நிறையும் சத்தம்.

பிறகு ஸஹ்றாவின் சொந்தக் குரல், மிகச் சின்னதாக.

"இஞ்சருங்க... கதவத் திறங்க."

போன் அடங்கிவிட்டது.

வாசலில் காரின் இடது பக்கக் கதவை யாரோ உள்ளேயிருந்து தட்டினார்கள்.

மிஹ்லார் ஓடிப்போய் இழுத்தான். கதவு பூட்டியிருக்கவில்லை. திறக்கவும் இல்லை. துணிக்கூரையை இரண்டு கைகளாலும் கிழித்தெறிந்தான்.

உள்ளே ஒருவருமில்லை.

தட்டுவது மட்டும் நிற்கவில்லை.